காரையும் கல்மரமும்: பெரம்பலூர், அரியலூர் நடைப்பயணங்கள்

சென்னையிலிருந்து திருச்சிராப்பள்ளிக்குச் செல்லும் நெடுஞ்சாலையில் பெரம்பலூரைக் கடக்கும் பிரயாணிகளுள் பெரும்பாலோர், இருமருங்கிலும் விரிந்து கிடக்கும் மக்காச்சோளக் கொல்லைகளையும் பருத்திக் காடுகளையும் ஒரு கணம் நோக்கிவிட்டு, வானம் பார்த்த இந்தச் சீமையில் இறங்கிக் காண்பதற்கு என்ன இருக்கப்போகிறது என்ற எண்ணத்தோடு சமயபுரத்தை நோக்கியோ ஸ்ரீரங்கத்தை நோக்கியோ விரைந்துவிடுகிறார்கள். அச்சாலைக்குக் கிழக்கே சில மைல் தொலைவில் தொடங்கி அரியலூருக்கு அப்பாலும் நீளும் பூமி ஒரு காலத்தில் சமுத்திரத்தின் அடித்தளமாகக் கிடந்தது என்பதையும், அச்சமுத்திரத்தில் வாழ்ந்து மடிந்த ஜீவராசிகளின் ஓடுகளும் அதன் கரையோர வனங்களில் நின்ற மரங்களும் கல்லாகி இன்றும் ஓடைக்கரைகளில் வெளிப்பட்டுக் கிடக்கின்றன என்பதையும் உலகத்துப் புவியியல் அறிஞர்கள் நூற்றெழுபது ஆண்டுகளுக்கு மேலாக அறிந்து போற்றி வருகிறார்கள். நம்மவருள் அதனை அறிந்தோர் சிலரே. அறிந்தவருள்ளும் நடந்து சென்று கண்டவர் மிகச் சிலர். அந்த நிலத்தைக் கால்நடையாகச் சுற்றிக் காண விரும்பும் அன்பர்களுக்காகவே இந்த அத்தியாயம் எழுதப்படுகிறது.

இங்கிலாந்து தேசத்தில் ரிட்ஜ்வே என்ற புராதன வழி ஒன்று உண்டு. அவேபரியின் பெருங்கற் சின்னங்களுக்கு அருகே ஓவர்ட்டன் குன்றில் தொடங்கி, வெண்சுண்ணக் குன்றுகளின் முகட்டைத் தழுவியவாறு ஐவிங்கோ குன்று வரை 87 மைல் செல்லும் அவ்வழியை, 1973-ஆம் ஆண்டு முதல் அந்நாட்டார் தேசிய நடைபாதையாக்கி, திசைகாட்டும் கம்பங்கள் நட்டு, வழிநூல்கள் எழுதி, தலைமுறை தலைமுறையாக நடந்து வருகிறார்கள். அந்த வெண்சுண்ணக் குன்றுகள் எந்த யுகத்துக் கடலில் படிந்தனவோ, கிரெடேசியஸ் என்று புவியியலார் குறிக்கும் அதே யுகத்துக் கடலில்தான் நம் அரியலூர்ச் சுண்ணாம்புக் கல்லும் படிந்தது. அவர்களுடைய குன்றுகளுக்குக் கிடைத்த நடையாளர்களில் நூற்றில் ஒரு பங்கினரேனும் நம்முடைய ஓடைகளுக்குக் கிடைக்க வேண்டும் என்பது இந்நூலாசிரியனின் நெடுநாள் விருப்பம்.

நம் பகுதியில் அத்தகைய கம்பங்கள் இல்லையாதலால், ஊர்களின் பெயர்களைக் காட்டிலும் முதன்மையான ஒரு விஷயத்தை யாத்திரிகர் முன்னதாகவே மனத்தில் பதித்துக்கொள்ள வேண்டும். இங்குள்ள படிவுப் பாறைகள் கிழக்கு நோக்கி மெல்லச் சாய்ந்து கிடக்கின்றன. ஆகவே மேற்கே வெளிப்பட்டிருப்பவை மூத்தவை. கிழக்கே செல்லச் செல்ல இளையவை. பச்சைமலையும் அதன் அடிவாரத்துக் கரும்பாறைகளும் இவை அனைத்திற்கும் முற்பட்ட, உயிரின் சுவடே காணாத ஆதிப் பாறைகள். அவற்றின் விளிம்பில் ஊட்டத்தூர்த் தொகுதி, அதன்மேல் திருச்சிராப்பள்ளித் தொகுதி, அதற்கும் மேல் அரியலூர்த் தொகுதி என்று கடலின் சரித்திரம் வரிசையாக அடுக்கப்பட்டிருக்கிறது. எனவே மேற்கேயுள்ள காரை என்னும் கிராமத்திலிருந்து அரியலூருக்கு நடப்பவர் காலத்தின் போக்கிலேயே நடக்கிறார். அரியலூரில் தொடங்கிக் காரைக்கு வருபவர் ஒரு கதையைக் கடைசி அத்தியாயத்திலிருந்து வாசிக்கிறார். எத்தனை நாள் கையில் இருந்தாலும், ஒரே நாள்தான் என்றாலும், மேற்கிலிருந்து கிழக்காகச் செல்லும் இந்த ஒழுங்கை மாற்றாமல் இருப்பது நலம்.

பிரயாணத்திற்கு உகந்த காலம் தை, மாசி மாதங்கள். ஐப்பசி, கார்த்திகை மாதங்களின் அடைமழையில் காரைக் களிமண் காலை விடாமல் பற்றிக்கொள்ளும்; சரிவுகள் வழுக்கும்; வறண்டு கிடந்த ஓடை மேற்கே மலைப்பக்கத்தில் பெய்த மழையால் சொல்லாமல் பெருகி வரும். பச்சைமலையில் பிறந்து இவ்விரு மாவட்டங்களையும் கடக்கும் மருதையாற்றின் வேகத்தை அசட்டை செய்யலாகாது. 1956-ஆம் ஆண்டு நவம்பர் 23-ஆம் தேதி அரியலூருக்கு அருகே தூத்துக்குடி எக்ஸ்பிரஸ் பாலத்தில் கவிழ்ந்ததும், அதற்குத் தார்மிகப் பொறுப்பேற்று லால் பகதூர் சாஸ்திரி ரயில்வே மந்திரி பதவியைத் துறந்ததும் அந்த ஆற்றின் வெள்ளத்தால் நேர்ந்தவையே. பங்குனி பிறந்துவிட்டாலோ, மரநிழலே அரிதான இக்கரம்பு நிலத்தில் காலை பத்து மணிக்குமேல் நடப்பது உடலுக்குத் தீங்கு. ஆளுக்கு மூன்று லிட்டர் தண்ணீர், கணுக்காலை மூடும் காலணி, தலைக்கு ஒரு துண்டு, கைக்கு ஒரு கோல் ஆகியவை இன்றியமையாதவை. கோல் ஊன்றுவதற்கு மட்டுமன்றி, புதர்களில் பாம்பு கிடந்தால் முன்கூட்டியே விலகச் செய்வதற்கும் பயன்படும்.

பெரம்பலூருக்கு இருப்புப்பாதை இல்லை. ரயிலில் வருவோர் அரியலூர் நிலையத்தில் இறங்கிப் பேருந்தில் மேற்கே வந்து, பெரம்பலூரில் தங்கி, மறுநாள் விடியலில் நடையைத் தொடங்கலாம். சாலை வழியாக வடக்கிலிருந்து வருவோருக்கு ஒரு கூடுதல் லாபம் உண்டு. பெரம்பலூரை அடையுமுன்பே, நெடுஞ்சாலைக்குச் சற்றுக் கிழக்கே, செதுக்கிய கற்களால் அகழியும் அடுக்கடுக்கான மதில்களுமாக எழுந்து நிற்கும் ரஞ்சன்குடிக் கோட்டையும், அதற்குத் தெற்கே சோழர் காலத்திலேயே சிறப்புற்றிருந்த வாலிகண்டபுரத்துச் சிவாலயமும் அவர்களை எதிர்கொள்ளும். வடக்கிலிருந்து காவிரிக்கரைக்குச் செல்லும் சேனைகளும் வணிகரும் பக்தர்களும் மிதித்துச் சென்ற பழைய பெருவழி இது. 1751-ஆம் ஆண்டில், பிரெஞ்சுக்காரரின் துணையோடு வந்த சந்தா சாகிப்பின் படையும், முகமது அலிக்கு ஆதரவாக நின்ற ஆங்கிலேயர் படையும் இந்த இடத்தில்தான் மோதின. கோட்டையையும் கோயிலையும் ஒரு பிற்பகலில் கண்டுவிடலாம். இன்றைக்கும் சமயபுரத்து மாரியம்மனுக்கு மஞ்சள் ஆடை உடுத்திப் பாதயாத்திரை செல்வோர் கூட்டங்கூட்டமாக இச்சாலையோரத்தில் நடந்துபோவதைக் காண்பவருக்கு, நடை என்பது இந்தச் சீமைக்குப் புதிதன்று என்பது விளங்கும்.

பெரம்பலூரிலிருந்து தெற்கே செல்லும்போது சிறுவாச்சூர் மதுரகாளியம்மன் கோயில் வழியில் இருக்கிறது. வழக்கமாக திங்கள், வெள்ளி ஆகிய இரு கிழமைகளிலேயே அக்கோயிலில் சந்நிதி திறக்கப்படுகிறதாகையால், தரிசனத்தையும் நடையையும் சேர்த்துக்கொள்ள விரும்புவோர் அந்நாட்களைத் தேர்ந்துகொள்ளலாம்; கூட்டத்தைத் தவிர்க்க விரும்புவோர் ஏனைய நாட்களில் செல்லலாம். நடைக்கு மையமாகக் கொள்ளத்தக்க ஊர் கொளக்காநத்தம். காரையும் சாத்தனூரும் அதனை ஒட்டிய கிராமங்களே. வழி கேட்கும்போது புதைபடிவம், தொல்லுயிர் எச்சம் என்றெல்லாம் ஏட்டு மொழியில் வினவாமல், “கல்மரத்துக்கு எப்படிப் போகணுங்க?” என்று கேட்டால், ஆடு மேய்க்கும் சிறுவனும் களை வெட்டும் மூதாட்டியும் கையை நீட்டிக் காட்டிவிடுவார்கள்.

காரைக்கு அருகே சாலையை விட்டிறங்கிச் சிறிது தூரம் நடந்ததும் பயிர் நிலம் திடீரென்று முடிந்துவிடுகிறது. அதற்கப்பால் செம்மையும் சாம்பலும் பசுமை கலந்த மஞ்சளுமாகப் பல நிறக் களிமண் மேடுகள், மழைநீர் அறுத்த ஆயிரக்கணக்கான சிறு வாய்க்கால்களால் வரியோடிக் கண்ணுக்கெட்டிய தூரம் வரை அலையலையாகக் கிடக்கின்றன. புல் பூண்டு கூட அரிதாகவே முளைக்கும் அந்த மேடுகளுக்குள் இறங்கியவர், சூரியன் சாய்வாக நிற்கும் காலை வேளையாக இருக்குமாயின், தரையெங்கும் கண்ணாடித் துண்டுகளைப் போல ஏதோ பளபளப்பதைக் காண்பார். அது ஜிப்சம், களிமண்ணின் வெடிப்புகளில் தகடு தகடாகப் படிந்து, மண் கரையக் கரைய வெளிப்பட்டு நிற்பது. சிமெண்ட் தொழிலுக்கு அது வேண்டியிருப்பதால் சுற்றுப்புறத்தில் நெடுநாளாக அதனைத் தோண்டி எடுத்தும் வந்திருக்கிறார்கள்.

ஜிப்சத்தின் மினுக்கத்திற்குக் கண் பழகிய பிறகுதான் மற்றவை தெரியத் தொடங்கும். இதில் அவசரம் உதவாது. ஒரு சரிவைத் தேர்ந்து அதன் அடியில் குந்தி, அரைமணி நேரம் ஒரு முழம் நிலத்தையே உற்று நோக்குபவருக்குக் கிடைப்பது, நான்கு மேடுகளை ஓடியோடிச் சுற்றியவருக்குக் கிடைப்பதில்லை. விரல் பருமனில், ஒரு முனை கூராக, தோட்டாவைப் போல உருண்டு நீண்ட பழுப்பு நிறக் கற்கள் தென்படும், அவை பெலம்னைட்டுகள். நம் கடலோரத்து மீனவர் வலையில் இன்றும் சிக்கும் கணவாயின் தூரத்து உறவான ஒரு பிராணியின் உடலுக்குள் இருந்த கடினப் பகுதியே அது. நற்பேறு இருந்தால் சுருண்ட வரிகளோடு கூடிய அம்மோனைட் ஒன்றும் கண்ணில் படும். அம்மோனைட்டை நம் மக்கள் அறியாதவர்களல்லர். நேபாளத்தின் கண்டகி நதியில் கிடைத்து, வைணவ இல்லங்களில் தலைமுறைகளாகத் திருமஞ்சனம் கண்டுவரும் சாளக்கிராமத்துள் இருப்பது இதே இனத்துப் பிராணியின் ஓட்டு வடிவந்தான். இமயத்தின் உச்சிக்கருகேயும் பெரம்பலூர்க் கரம்பிலும் ஒரே குலத்தின் சுவடு கிடைப்பது, இவ்விரு இடங்களையும் முன்னொரு யுகத்தில் கடல் நனைத்திருந்தது என்பதற்குச் சாட்சி.

இவ்விடத்தில் ஒரு வேண்டுகோளை அழுத்தமாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. கண்டதைக் குனிந்து பாருங்கள், படம் எடுங்கள், அளந்து குறித்துக்கொள்ளுங்கள், எடுத்துச் செல்லாதீர்கள், எவரேனும் விற்க முன்வந்தாலும் வாங்காதீர்கள். காரையின் இந்நிலப்பகுதியையும் சாத்தனூர்க் கல்மரத்தையும் இந்தியப் புவியியல் ஆய்வு நிறுவனம் புவியியல் பாரம்பரியச் சின்னங்களாக அறிவித்திருக்கிறது என்பது ஒரு காரணம். அதனினும் பெரிய காரணம் வேறு. எந்த அடுக்கில், எதற்கு மேலே, எதற்குக் கீழே கிடந்தது என்ற குறிப்பு உள்ளவரைதான் அந்தச் சிறு கல் ஒரு யுகத்தின் தேதியைச் சொல்லும். அலமாரியில் வைக்கப்பட்ட மறுகணமே அது ஊரும் பேரும் இழந்த வெறுங்கல். மழை ஒவ்வொரு ஆண்டும் புதியவற்றை வெளிப்படுத்துகிறது என்பது மெய்யே. ஆனால் வருவோரெல்லாம் பையை நிரப்பிக்கொண்டு போனால், மழையின் வேலைக்கு மனிதரின் வேகம் ஒருபோதும் காத்திராது.

காரையிலிருந்து சாத்தனூருக்கு வரப்புகளின் வழியாகவும் வண்டிப்பாதை வழியாகவும் நடந்து செல்லலாம். விளைநிலத்தைக் கடக்கும்போது சொந்தக்காரரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்வது மரியாதை. சாத்தனூரில் வேலியிட்டுப் பாதுகாக்கப்படும் இடத்தில், தரையோடு தரையாகப் படுத்துக் கிடக்கிறது அந்தப் பெருமரம். அதன் நீளம் ஏறத்தாழ 18 மீட்டர். பூக்கும் தாவரங்கள் பூமியில் ஆதிக்கம் பெறுவதற்கு முந்திய, ஊசியிலை மரங்களின் குலத்தைச் சேர்ந்ததாகக் கருதப்படும் இது, நதியால் அடித்துவரப்பட்டுக் கடலோரச் சேற்றில் புதைந்து, மட்கிப் போவதற்கு முன் நிலத்தடி நீரில் கரைந்திருந்த சிலிக்கா அதன் அணுஅணுவான இழைகளுக்குள் புகுந்து இடம் பிடித்ததால் கல்லாயிற்று. அதன் வயது சுமார் 12 கோடி ஆண்டுகள் என்று பொதுவாகக் குறிப்பிடப்படுகிறது. இதனை 1940-ஆம் ஆண்டில் உலகறியச் செய்தவர் டாக்டர் எம்.எஸ். கிருஷ்ணன். தஞ்சை மாவட்டத்து மகாராஜபுரத்தவரான அவர், பின்னர் 1951-இல் இந்தியப் புவியியல் ஆய்வு நிறுவனத்திற்குத் தலைமையேற்ற முதல் இந்தியராகவும் விளங்கினார். காவிரிக்கரைப் பிள்ளை ஒருவர் காவிரிப் படுகையின் இந்த மூத்த மரத்தை விஞ்ஞான உலகிற்கு அறிமுகப்படுத்தியதை எண்ணி நம் பாடப் புத்தகங்கள் பெருமைப்பட்டிருக்க வேண்டும். மரத்தின் மேல் ஏறுவதும் பெயர் கீறுவதும் தகா.

நேரம் உள்ளவர்கள் அருகிலுள்ள தெரணியின் வெண்களிமண் படிவுகளையும் பார்த்து வரலாம். பீங்கான் தொழிலுக்குப் பயன்பட்ட அக்களிமண்ணில், கடல் புகுவதற்கு முன் இங்கு வளர்ந்திருந்த செடிகளின் இலை அச்சுகள் கிடைத்திருக்கின்றன. வரிசைப்படி பார்த்தால் அதுவே காரைக்கும் முற்பட்டது.

இந்நிலத்தின் பெருமை வெளியுலகிற்கு எட்டிய வரலாறு சுருக்கமாகவேனும் அறியத்தக்கது. காயே, கன்லிஃப் என்ற இரு ஆங்கிலேய அதிகாரிகள் சேகரித்து அனுப்பிய ஓடுகளை ஆராய்ந்து, எட்வர்டு ஃபோர்ப்ஸ் என்பவர் 1846-இல் லண்டனில் அறிக்கை வெளியிட்டார். அதன்பின் ஹென்றி பிளான்ஃபோர்டு இப்பகுதியைக் கிராமம் கிராமமாகச் சுற்றி அளந்து எழுதியதே இன்றுள்ள வகைப்பாட்டிற்கு அஸ்திவாரம். ஊட்டத்தூர், அரியலூர் என்ற நம் ஊர்ப்பெயர்கள் உலகத்துப் புவியியல் நூல்களில் ஏறியது அவரால்தான். பாறைகளைப் படித்த அவரே பிற்காலத்தில் இந்திய வானிலைத் துறையின் முதல் தலைவராகவும் ஆனார். பொஹீமிய நாட்டை அடுத்த மொரேவியாவில் பிறந்த ஃபெர்டினாண்ட் ஸ்டோலிஸ்கா, இங்கிருந்து கிடைத்த ஓட்டுயிர்களை ஒவ்வொன்றாக வருணித்துப் பெருநூல்களாக வெளியிட்டு, அப்பணி முடிந்த சில காலத்திற்குள் 1874-இல் யார்க்கண்டிலிருந்து திரும்பும் வழியில் லடாக்கின் மலைகளிடையே உயிர் நீத்தார். கடலையே காணாத ஒரு தேசத்தில் பிறந்த அந்த மனிதர் நம்முடைய மறைந்த கடலுக்காகத் தம் இளமையைச் செலவிட்டார் என்பதை நினைக்கும்போது மனம் நெகிழ்கிறது.

இரண்டாம் நாள் நடை அரியலூரைச் சுற்றியது. இங்கே ஓர் எச்சரிக்கை: இம்மாவட்டத்தின் சாலைகளில் சுண்ணாம்புக்கல் ஏற்றிய லாரிகள் இரவும் பகலும் ஓடுகின்றன, சாலையோர நடையைத் தவிர்த்து, ஊர் மாறுவதற்குப் பேருந்தையே நாடுங்கள். இயங்கும் சுரங்கங்களுக்குள் அனுமதியின்றி நுழைவது குற்றம் மட்டுமன்று, வெடி வைக்கும் இடமாதலால் உயிருக்கும் ஆபத்து. 1939-இல் டால்மியாபுரத்தில் ஆலை எழுந்த காலம் முதல் இந்தக் கடலடிச் சுண்ணாம்பே தமிழ்நாட்டின் வீடுகளையும் பாலங்களையும் கட்டி வருகிறது. சுரங்கங்கள் இல்லையேல் பல அடுக்குகள் மனிதர் கண்ணில் பட்டிருக்கவே மாட்டா. சுரங்கங்களாலேயே பல அடுக்குகள் ஆராயப்படுமுன் அரைக்கப்பட்டும் போகின்றன. இவ்விரண்டும் உண்மை. வெட்டி முடித்த பள்ளங்களில் ஒரு பகுதியையாவது மூடாமல், மாணவர்கள் வந்து காணும்படி நிறுத்தி வைத்தால் எவருக்கும் நஷ்டமில்லை.

அரியலூரை அடுத்த கல்லங்குறிச்சிக்குச் செல்லும் பக்தர்கள், அங்கே கம்பத்தையே மூலவராகக் கொண்டு கோயில் கொண்டிருக்கும் கலியுக வரதராசப் பெருமாளை அறிவார்கள். புவியியலார் அதே ஊரின் பெயரால் வழங்கும் சுண்ணாம்புப் பாறையில், கிரைஃபியா என்னும் தடித்த சிப்பிகள் ஒன்றன்மேல் ஒன்றாகக் குவிந்து, பாறையே சிப்பியால் ஆனதோ என்று மயங்கும்படி நெருங்கிக் கிடக்கின்றன. காரையின் ஆழமான சேற்றுக் கடலையும், இங்குள்ள சிப்பிகள் மண்டிய ஆழமற்ற கடலையும் அடுத்தடுத்த நாட்களில் கண்டவருக்கு, கடல் வந்ததும் நின்றதும் பின்வாங்கத் தொடங்கியதும் விரிவுரை இல்லாமலே புலனாகும்.

பின்வாங்கிய கடல் விட்டுச் சென்ற ஆற்றுப் படிவுகளில்தான், கல்லமேடு என்ற இடத்தில், எலும்புகள் கிடைத்தன. டைனோசர்களின் எலும்புகளென்று அவற்றுட் சிலவற்றை ஆராய்ந்து, 1987-இல் யாதகிரியும் அய்யாசாமியும் ‘பிரகத்காயோசாரஸ்’ என்று பெயரிட்டார்கள். பூமியில் நடமாடியவற்றுள் மிகப் பெரிய பிராணிகளுள் ஒன்றாக அது இருந்திருக்கக்கூடும் என்று கருதுவோரும் உண்டு. அவை எலும்புகளே அல்ல, மரத்துண்டுகளாக இருக்கலாம் என்று ஐயுற்றோரும் உண்டு. நேரில் வைத்து ஒப்பிட்டு முடிவு செய்யலாமென்றால், நொறுங்கும் இயல்புடைய அந்த எலும்புகள் ஈரம் பட்டுச் சிதைந்து இல்லாமலே போய்விட்டன. எஞ்சியவை படங்களும் வருணனைகளுமே. தரையில் எலும்பு போன்ற ஒன்றைக் கண்டால் தொட்டுத் தோண்டிப் பார்க்காமல், இடத்தைக் குறித்துக்கொண்டு மாவட்ட நிர்வாகத்திற்கோ பல்கலைக்கழகப் புவியியல் துறைக்கோ தெரிவிக்க வேண்டும் என்று இந்நூல் வற்புறுத்துவது இந்த அனுபவத்தால்தான்.

டைனோசர் முட்டை என்ற பேச்சு இப்பக்கத்தில் அடிக்கடி எழும். செந்துறைப் பகுதியில் முட்டைப் படிவங்களைக் கண்டதாக 2009-இல் சேலம் பெரியார் பல்கலைக்கழகத்து ஆய்வாளர்கள் அறிவித்தார்கள். 2020-இல் குன்னத்தில் ஏரி மண் எடுத்தபோது வெளிப்பட்ட பெரும் உருண்டைகளையும் மக்கள் முட்டைகளென்றே நம்பித் திரண்டார்கள். பார்வையிட்ட வல்லுநர்களோ, அவை கடலடியில் மண்ணும் சுண்ணமும் திரண்டு இறுகிய உருண்டைகள் என்று விளக்கினார்கள். அத்தகைய உருண்டைகளின் நடுவே ஓர் அம்மோனைட் பொதிந்திருப்பது உண்டு. முட்டை இல்லையென்று தெரிந்ததும் கூட்டம் கலைந்துவிட்டது வருந்தத்தக்கது. பெருங்கடலின் அடித்தளம் தம் ஊர் ஏரிக்குள் இருக்கிறது என்ற செய்தி முட்டையைக் காட்டிலும் சிறியதா என்ன?

வெயில் ஏறிய பின், அரியலூரிலிருந்து கீழப்பழுவூர் செல்லும் சாலையில் வாரணவாசியில் அமைந்துள்ள புதைபடிவ அருங்காட்சியகத்திற்குச் செல்லலாம். நடைக்கு முன்னர் அதனைப் பார்ப்பதைக் காட்டிலும், ஓடைகளில் கண்டு பெயர் தெரியாமல் விட்டவற்றை மனத்தில் கொண்டு பின்னர் பார்ப்பதே பயன் தரும். குழந்தைகளை அழைத்துச் செல்வோர் மட்டும் இந்த வரிசையை மாற்றிக்கொள்ளலாம். எதைத் தேட வேண்டும் என்று முன்பே தெரிந்த குழந்தையின் கண் பெரியவர்களின் கண்ணைவிடக் கூர்மையானது.

இன்னும் ஒரு நாள் கையில் உள்ளவர்கள் கிழக்கே நின்னியூர்ப் பக்கம் செல்ல வேண்டும். ஆறு கோடியே அறுபது லட்சம் ஆண்டுகளுக்கு முன் டைனோசர்களையும் அம்மோனைட்டுகளையும் ஒருசேர அழித்த பேரழிவிற்குப் பிற்பட்ட படிவுகள் அங்குள்ளவை. காரையில் கண்ட சுருள் ஓடு ஒன்றையேனும் அங்கே தேடிப் பாருங்கள். சிப்பிகளும் நத்தை ஓடுகளும் வேறு கடலுயிர்களும் கிடைக்கும், அம்மோனைட் கிடைக்காது. அரியலூருக்கும் ஜயங்கொண்டத்திற்கும் இடையே பேருந்துகள் உண்டு. முந்திரிக் காடுகள் மிகுந்த அப்பகுதியில் உணவு விடுதிகள் குறைவாதலால், காலையிலேயே கட்டுச்சோறு எடுத்துக்கொண்டு புறப்படுவது உத்தமம். மாலை ஐந்து மணிக்குள் பெருஞ்சாலைக்குத் திரும்பிவிட்டால், ஜயங்கொண்டம் சென்று தங்கி, மறுநாள் கங்கைகொண்ட சோழபுரத்தைத் தரிசிக்கலாம்.